ஒதுக்கி வைத்த சின்ன டிஜிட்டல் கேமரா இப்போது கையை விட்டு இறங்க மறுக்கிறது

சாளரம்

கைக்குள் அடங்கும் டிஜிட்டல் கேமராக்களை நான் எவ்வளவு மட்டம் தட்டியிருக்கிறேன் என்று இந்த மன்றத்தில் பலருக்கு நினைவிருக்கும். படத்தைப் பதியும் சென்சார் சுண்டுவிரல் நகத்தளவு. கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் கிடையாது. தொடர்ச்சியாக எடுத்தால் நொடிக்கு ஒரு படம்கூடத் தேறாது. ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்வு அளவு, 800ஐத் தாண்டினால் நிழல்களில் நாய்ஸ் எனும் புள்ளிகள் கொட்டும். இவற்றில் ஒன்றைக்கூட நான் திரும்பப் பெறவில்லை, எல்லாமே இன்றும் உண்மைதான். ஆனாலும் வெளியே கிளம்பும்போது கை முதலில் தேடுவது அந்தச் சின்னதைத்தான், பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவின் பை பெரும்பாலும் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. ஏன் இப்படி என்று யோசித்ததை எழுதிவைக்கிறேன்.

என்னிடம் இருப்பது 2010ஐ ஒட்டி வந்த வகை: 10 மெகாபிக்சல், 1/1.7 அங்குல சிசிடி சென்சார், 28 மி.மீ. கோணத்தில் எஃப் 2 வரை திறக்கும் லென்ஸ் (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது), லென்ஸைச் சுற்றி ஒரு வளையம், சென்சார் பதிந்ததை அப்படியே தரும் ரா ஃபைல் வசதி. பிராண்ட் சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும்.

முதல் காரணம் டெப்த் ஆஃப் ஃபீல்டு, அதாவது எங்கிருந்து எதுவரை படம் தெளிவாக இருக்கிறது என்பது. "இதில் பின்னணி மங்கவே மாட்டேன் என்கிறது" என்பது இந்த வகை மேல் எல்லோரும் வைக்கும் புகார். அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டியில் 28 மி.மீ. என்று போட்டிருந்தாலும் லென்ஸின் உண்மையான குவியத்தூரம் 6 மி.மீ.தான் (28 என்பது ஃபுல் ஃபிரேமில் அதே கோணம் தரும் எண்). எஃப் 2ல் வைத்து 2.8 மீட்டரில் ஃபோகஸை நிறுத்தினால், ஏறக்குறைய 1.4 மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவு. ஃபுல் ஃபிரேமில் 28 மி.மீ. லென்ஸை எஃப் 2ல் வைத்து அடிவானம் வரை தெளிவு கேட்டால் 13 மீட்டரில் ஃபோகஸ் செய்ய வேண்டும், ஆறரை மீட்டருக்குள் நிற்பவர் எல்லோரும் மங்கிவிடுவார்கள். சின்னது தரும் அதே ஆழம் வேண்டுமென்றால் பெரியதை எஃப் 9 வரை மூட வேண்டியிருக்கும். மூடினால் வெளிச்சம் போச்சு, ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டும்.

ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பு இதைப்போல சுமார் 20 மடங்கு, அதாவது நாலு ஸ்டாப்புக்குச் சற்று மேல் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). எஃப் 2லிருந்து எஃப் 9க்கு மூடினால் போவதும் ஏறக்குறைய அதே நாலு ஸ்டாப். ஆக, முன்னால் நிற்பவரும் பின்னால் இருக்கும் தெருவும் இரண்டுமே தெரிய வேண்டும் என்கிற படங்களில் பெரிய சென்சாரின் நாய்ஸ் அனுகூலம் கரைந்துபோகிறது. நான் எடுக்கும் படங்களில் பாதிக்கு மேல் அப்படிப்பட்டவை. ஒரு முகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்துவிடும் படம் எனக்கு எப்போதாவதுதான் வேண்டும்.

இரண்டாவது, அந்த வளையம். மூன்றாவது, சத்தமே இல்லாத ஷட்டர். இவற்றைப் பிறகு எழுதுகிறேன். முதலில் உங்கள் அடியை வாங்கிக்கொள்கிறேன்.

கருவிழி

//பெரிய சென்சாரின் நாய்ஸ் அனுகூலம் கரைந்துபோகிறது//

கணக்கு சரி. ஆனால் அதே கணக்கை உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஃபோனுக்கும் போடுங்கள். இன்றைய மேல்தட்டு ஃபோன்கள் பலவற்றில் முதன்மைக் கேமராவின் சென்சார் 1/1.3 அங்குலம் அளவுக்கு வந்துவிட்டது. பரப்பில் அது உங்கள் 1/1.7ஐ விட ஒன்றரை மடங்குக்கு மேல். லென்ஸும் எஃப் 2க்குக் கீழே திறக்கிறது. போதாததற்கு, ஃபோன் ஒரு படம் என்று காட்டுவது பல ஃபிரேம்களை அடுக்கிச் சேர்த்த ஒன்று, அதனால் நாய்ஸும் குறைகிறது, வெளிச்சப் பகுதியும் வெளுத்துப்போவதில்லை. ஆழம் வேண்டும், சின்னதாக இருக்க வேண்டும் என்றால் அதற்கு விடை ஏற்கெனவே உங்கள் பையில் இருக்கிறது. இன்னொன்றைச் சுமப்பானேன்?

பிடித்துப்போனது என்றால் சரி, பிடித்துப்போகட்டும். அதற்குக் கணிதம் துணைக்கு வரும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மழைக்குருவி

கருவிழி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் ஃபோனில் எல்லாம் சேர்ந்து வருகிறதே, அதுதான் எனக்குத் தொல்லை. மங்கலான அறையை மங்கலாகவே எடுக்க விடாது. நிழலைத் தூக்கிவிடும், முகத்தை வெளுக்கும், இலைகளின் ஓரத்தை அழுத்திக் கூர்மையாக்கும். கருப்பாக இருக்க வேண்டியதைக் கருப்பாக வைக்க நான் ஒவ்வொரு முறையும் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். தனி ஆப் போட்டு ரா எடுக்கலாம்தான், ஆனால் அப்போது அந்த அடுக்கிச் சேர்க்கும் வித்தை பல ஃபோன்களில் கிடைக்காது.

நான் வைத்திருப்பது 'ஒரு அங்குலம்' என்று பெயரளவில் சொல்லும் சென்சார் வகை. 2012ல் சோனி ஆர்எக்ஸ்100 வந்தபோது சட்டைப் பையில் இவ்வளவு பெரிய சென்சாரா என்று எல்லோரும் அசந்தது நினைவிருக்கிறதா? 13.2க்கு 8.8 மி.மீ., பரப்பில் சாளரத்தின் கேமராவைப்போல இரண்டே முக்கால் மடங்கு. அதனால் சாளரம், உங்களுக்கு ஒன்றரை ஸ்டாப் மேலே நின்றுகொண்டு பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். :)

வளையத்தைப் பற்றிச் சொல்லுங்கள். என்னுடையதிலும் இருக்கிறது, ஆனால் அது சும்மா வழுக்கிக்கொண்டு சுற்றும். அதில் எதைப் போட்டு வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.

சாளரம்

சகோ, வளையத்தில்தான் நான் விழுந்தேன். என்னுடையது ஒவ்வொரு அடியாகச் சொடுக்குப் போட்டு நகரும். அதில் ஐஎஸ்ஓ வைக்கலாம், அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) வைக்கலாம், எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு) திருத்தம் வைக்கலாம். நான் வைத்திருப்பது படிப்படியான ஜூம். 28, 35, 50, 85, 105 என்று ஐந்து இடங்களில் மட்டும் நிற்கும், இடையில் நிற்காது.

ஜூம் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஓட்டும் பழக்கம் இதனால் போய்விட்டது. "இது 35க்கான படம்" என்று முடிவு செய்து, வளையத்தை ஒரு சொடுக்குத் திருப்பி, அப்புறம் காலால் நகர்ந்து கட்டத்தைச் சரிசெய்கிறேன். ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. ஐந்து பிரைம்களை ஒரே கேமராவில் வைத்துக்கொண்டு நடப்பது என்பதுதான் புதிது. 105க்குப் போனால் லென்ஸ் எஃப் 5க்கு அருகே மூடிக்கொள்கிறது, அதனால் உள்ளே வெளிச்சம் குறைந்த இடங்களில் அந்தப் பக்கம் போவதில்லை.

கருவிழிக்கு: ஃபோனின் சென்சார் பெரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பையில் இருக்கிறது என்பதையும். ஆனால் ஃபோனை எடுத்தால் கட்டைவிரலால் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுத்தான் எல்லாம். இதில் ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி வைத்துக் காத்திருக்கலாம். அந்தப் பாதி அழுத்தல் எனக்குப் பெரிய விஷயம். ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும், மீதியை அழுத்தியதும் படம் உடனே விழும். இந்தக் கேமராக்கள் மந்தம் என்ற பேச்சில் பெரும்பகுதி, ஒரே மூச்சில் கடைசி வரை அழுத்துவதால் வருவது. கான்ட்ராஸ்டை வைத்து லென்ஸ் முன்னும் பின்னும் தேடித்தான் ஃபோகஸ் பிடிக்கிறது, அந்தத் தேடலை முன்கூட்டியே முடித்துவிட்டால் மிச்சமிருக்கும் தாமதம் கண்ணுக்குத் தெரியாது.

பழையலென்ஸ்

கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2008ல் வந்த கேனான் ஜி10ல் 14.7 மெகாபிக்சல். அடுத்த ஆண்டே வந்த ஜி11ல் 10 மெகாபிக்சல். சென்சாரின் அளவு அதே 1/1.7 அங்குலம்தான். எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவதுதான் வியாபாரம் என்றிருந்த காலத்தில் ஒரு நிறுவனம் அதைக் குறைத்து வெளியிட்டது அன்று பெரிய பேச்சாக இருந்தது. அதே 2009ல் அதே 10 மெகாபிக்சலோடு எஸ்90 வந்தது, எஃப் 2 லென்ஸும் முன்வளையமும் அதில்தான். அதற்கு முந்தைய ஆண்டு பானசோனிக் எல்எக்ஸ்3, 24 மி.மீ. கோணத்தில் எஃப் 2. ரிக்கோ ஜிஆர் டிஜிட்டல் 2005லேயே ஒற்றைக் குவியத்தூரத்தோடு வந்துவிட்டது.

அதாவது சாளரம் இப்போது ரசிக்கும் கேமரா தற்செயலாக வந்ததில்லை. பெரிய கேமரா வைத்திருப்பவர்களுக்கு இரண்டாவது கேமராவாக என்றே யோசித்துச் செய்த வகை அது. டிஎஸ்எல்ஆர்காரர்கள்தான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. சந்தையும் அதிக நாள் விடவில்லை. 2010ல் உலகம் முழுக்க 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் அனுப்பப்பட்டன, அதில் மிகப் பெரும்பகுதி லென்ஸ் கழற்ற முடியாத கையடக்க வகை. 2023ல் அந்த வகை 20 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. ஃபோன் விழுங்கியது மலிவு வகையை மட்டுமல்ல, இந்த நல்ல வகையையும் சேர்த்துத்தான்.

ஒரு திருத்தம். சாளரம் எஃப் 2 பற்றி மட்டும் எழுதினார், மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தச் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 2 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எஃப் 8க்கு மூடினால் சின்னத் திறப்பின் விளிம்பில் ஒளி வளைந்து பரவும் வட்டம் 10 மைக்ரானைத் தாண்டிவிடும், ஐந்து பிக்சல் அகலம். படம் முழுக்கச் சோப்புத் தண்ணீர் பூசியதுபோல் ஆகிவிடும். எனவே நிலக்காட்சிக்கு எஃப் 8, எஃப் 11 என்று டிஎஸ்எல்ஆரில் பழகிய கையை இங்கே அடக்க வேண்டும். எஃப் 2.8லிருந்து எஃப் 4க்குள் நின்றுகொள்ளுங்கள். பலர் இந்தக் கேமராக்களின் லென்ஸ் மோசம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெயிலான்

ஐயா, நான் புதியவன். எஃப் 4ல் வெயிலில் எடுத்தால் படம் வெளுத்துவிடாதா? என் மாமாவின் பழைய கையடக்கக் கேமரா ஒன்று கிடைத்திருக்கிறது. ஷட்டர் 1/1600க்கு மேல் போகவில்லை.

பழையலென்ஸ்

வெளுக்காது தம்பி. ஐஎஸ்ஓ 80 அல்லது 100, எஃப் 4 என்றால் நல்ல வெயிலில் 1/1600 தேவைக்கேற்பவே இருக்கும். எஃப் 16ல், ஐஎஸ்ஓ எண்ணைத் தலைகீழாகப் போட்ட ஷட்டர் என்பது வெயிலுக்கான பழைய கணக்கு. ஐஎஸ்ஓ 100, எஃப் 16, 1/100. அங்கிருந்து எஃப் 4க்கு நாலு ஸ்டாப் திறந்தால் 1/1600. மணலோ தண்ணீரோ பளிச்சென்று திருப்பி அடிக்கும் இடமானால் எஃப் 5.6க்கு ஒரு ஸ்டாப் மூடுங்கள், ஒன்றும் ஆகிவிடாது.

வாங்கியதும் முதலில் பேட்டரியைப் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடவே வேண்டாம், தனியாக எடுத்துவைத்து மின்கழிவுச் சேகரிப்பில் கொடுத்துவிடுங்கள். அப்புறம் கார்டு. 2006க்கு முந்தைய கேமராக்கள் பலவும் 2 ஜிபி வரையான பழைய எஸ்டி கார்டை மட்டும்தான் படிக்கும். அதற்குப் பிந்தைய சில ஆண்டுகளில் வந்தவை எஸ்டிஎச்சி, அதாவது 32 ஜிபி வரை. இன்று கடையில் கிடைக்கும் 64 ஜிபி கார்டைப் போட்டுவிட்டு "கேமரா கெட்டுப்போச்சு" என்று தூக்கிப்போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நீலவானம்

யாரும் முக்கியமான விஷயத்தைச் சொல்லவில்லையே. சிசிடி என்கிற பழைய வகை சென்சார்! அந்த நிறம் இன்றைய சிமாஸ் சென்சாரில் வரவே வராது. என்னிடம் இருப்பது 6 மெகாபிக்சல்தான், ஆனால் அதில் எடுத்த தோல் நிறத்தை என் மிரர்லெஸ் கேமரா ஒரு நாளும் தந்ததில்லை. வானத்தின் நீலம் அப்படியே ஃபிலிம் மாதிரி. இப்போதைய பிள்ளைகள் இதைத் தேடித் தேடி வாங்குவது சும்மா இல்லை.

பழையலென்ஸ்

நீலவானம், கோபப்படாமல் கேளுங்கள். சிசிடியானாலும் சிமாஸானாலும் ஒளியை வாங்குவது அதே சிலிக்கான்தான். வேறுபாடு, சேர்ந்த மின்னேற்றத்தை எப்படி வெளியே எடுத்துப் படிக்கிறார்கள் என்பதில். சிசிடியில் அது வரிசையாகக் கைமாறி ஒரு மூலைக்கு வந்து சேரும். சிமாஸில் ஒவ்வொரு பிக்சலிலும் பெருக்கி இருக்கிறது. நிறத்தைத் தீர்மானிப்பது மேலே ஒட்டியிருக்கும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள், அகச்சிவப்பை வெட்டும் கண்ணாடி, வெள்ளைச் சமநிலை (ஒயிட் பேலன்ஸ்), அப்புறம் ஜேபெக் செய்யும் மென்பொருள். அந்தக் காலத்து நிறுவனங்கள் ஜேபெக்கில் கான்ட்ராஸ்டையும் செறிவையும் அழுத்தமாக வைத்தார்கள், நிழலைத் தூக்கவில்லை. உங்களுக்குப் பிடித்தது அதுவாகத்தான் இருக்கும். பிடித்ததில் தப்பில்லை.

சிசிடிக்கே உரியது என்று கேட்டால் ஒன்று காட்டுகிறேன். இரவில் தெருவிளக்கைத் திரையில் பாருங்கள், விளக்கிலிருந்து மேலும் கீழும் ஒரு செங்குத்துக் கோடு ஓடும். மின்னேற்றம் பத்தி வழியே நகர்ந்து போகும்போது விளக்கின் ஒளி வழியில் கசிந்து கலப்பதால் வருவது அது. அதை யாரும் மாயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இடையில் ஒரு தகவல்: சிசிடியை 1969ல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய வில்லார்ட் பாயிலுக்கும் ஜார்ஜ் ஸ்மித்துக்கும் நோபல் பரிசு வந்தது 2009ல். கேமரா நிறுவனங்கள் அதைக் கைவிட்டு சிமாஸுக்கு மாறிக்கொண்டிருந்த காலம்.

நீலவானம்

மென்பொருளோ மாயமோ, நான் அந்தக் கேமராவில் அழுத்தினால் அந்த நிறம் வருகிறது. புதியதில் வர வைக்க நான் கணினி முன்னால் உட்கார வேண்டும். எனக்கு அது போதும் ஐயா. :)

பழையலென்ஸ்

அது நியாயமான பதில். இதற்கு மேல் எனக்கு வாதமில்லை.

சாளரம்

நான் ரா எடுப்பவன் என்பதால் நிறத்தில் எனக்குப் பெரிய பாசமில்லை. ஆனால் ரா பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கேமராவுக்கு வயது ஏறினாலும் ஃபைலுக்கு ஏறுவதில்லை. அன்று கேமராவோடு வந்த மென்பொருளில் ஐஎஸ்ஓ 800 படத்தைத் திறந்தால் நிழலில் வண்ணப் புள்ளிகளும், அவற்றை அழிக்கப் போய் மெழுகான முகங்களும். அதே ஃபைலை இன்றைய நாய்ஸ் நீக்கும் மென்பொருளில் திறந்தால் ஐஎஸ்ஓ 200 அளவுக்கு இறங்கி வந்து நிற்கிறது. எனக்கு இந்தக் கேமரா மேல் மனம் மாறியதில் பாதிப் பங்கு இதற்கு. முன்பு ஐஎஸ்ஓ 400 வரைதான் என்று ஒரு கோடு போட்டிருந்தேன். இப்போது 1600 வரை துணிகிறேன்.

எச்சரிக்கை: ஜேபெக் மட்டும் தரும் பழைய கேமராக்களில் இது இவ்வளவு வேலை செய்யாது. கேமராவே உள்ளே நாய்ஸை அழித்து, கூர்மையேற்றி, சுருக்கிவிட்டிருக்கும், அதற்குப் பிறகு எந்த மென்பொருள் வந்தாலும் மெழுகைத்தான் மெருகேற்றும். செகண்ட்ஹேண்டில் தேடுபவர்கள் மெகாபிக்சலைப் பார்ப்பதைவிட ரா இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, இந்த லென்ஸ்கள் அகலக் கோணத்தில் நேர்கோடுகளை நன்றாக வளைக்கும். கேமரா அதை மென்பொருளால் நிமிர்த்தித்தான் ஜேபெக்காகத் தருகிறது. ராவைத் திறக்கும் மென்பொருள் அந்தத் திருத்தத்தைப் போடாவிட்டால் சுவரெல்லாம் தொப்பை போட்டுத் தெரியும். பயப்பட வேண்டாம்.

மழைக்குருவி

ஷட்டர் சத்தம் பற்றிச் சொல்கிறேன் என்றீர்களே?

சாளரம்

ஆமாம், விட்டுப்போச்சு. இவற்றில் ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கும் சின்னச் சின்ன இதழ்கள். டிஎஸ்எல்ஆர்போல உள்ளே கண்ணாடி எழும்பி விழுவதில்லை, ஷட்டர் திரை ஓடுவதில்லை. செயற்கைச் சத்தத்தை மெனுவில் அணைத்துவிட்டால் காதருகில் வைத்தால்தான் ஒரு சிட்டிகை ஒலி கேட்கும். தூங்கும் குழந்தை, கச்சேரி, வாசித்துக்கொண்டிருப்பவர் என்று எல்லா இடத்திலும் இது கைகொடுக்கிறது. மிரர்லெஸ்ஸில் மின்னணு ஷட்டர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் பெரும்பாலானவற்றில் அது வரிவரியாகப் படிப்பதால் வேகமாக அசைவது சாய்ந்துவிடும், சில விளக்குகளுக்குக் கீழே பட்டை விழும். லென்ஸ் ஷட்டரில் அந்தத் தொல்லை இல்லை.

ஃபிளாஷிலும் ஒரு லாபம். திரை ஓடும் கேமராக்கள் பெரும்பாலும் 1/200, 1/250ல் ஃபிளாஷோடு ஒத்துப்போவதை நிறுத்திவிடும். லென்ஸ் ஷட்டர் அதைத் தாண்டிப் போகும். வெயிலில் முகத்து நிழலை நிரப்ப இந்தக் குட்டி ஃபிளாஷே போதுமானதாக இருப்பது அதனால்தான்.

கருவிழி

சரி, சும்மா பேசிக்கொண்டிருக்க வேண்டாம் என்று என் மேஜை இழுப்பறையில் கிடந்த கையடக்கக் கேமராவைத் தேடி எடுத்தேன். இதே தலைமுறைதான். ஒரு வாரம் ஃபோனையும் அதையும் சேர்த்து வைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தேன்.

பகல் வெளிச்சம்: ஃபோன்தான். வெளிச்சமும் நிழலும் கலந்த இடங்களில் சின்னக் கேமராவில் வானம் வெளுத்துவிடுகிறது, ராவில்கூட ஒரு அளவுக்கு மேல் மீளவில்லை. மாலை மங்கல்: நின்றுகொண்டிருக்கும் பொருள் என்றால் ஃபோன், சந்தேகமே இல்லை. திரை: வெயிலில் ஒன்றும் தெரியவில்லை, கேமராவைக் குத்துமதிப்பாகத்தான் நீட்டினேன். பின்பக்கச் சக்கரம் விரல் லேசாகப் பட்டாலே சுற்றிக்கொண்டு, கேட்காமலேயே எக்ஸ்போஷரை மாற்றிவைத்தது. இதையெல்லாம் சாளரம் எழுதவில்லை.

ஆனால் ஒரு இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டேன். ஃபிளாஷ். இருட்டில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளை ஃபோனில் எடுத்தால் கையெல்லாம் புகை. அதில் இருப்பது எல்இடி விளக்கு, தொடர்ந்து எரிவது, அசைவை நிறுத்த முடியாது. சின்னக் கேமராவில் இருப்பது செனான் குழாய். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவாக ஒரு வெட்டு வெட்டி அணைந்துவிடும். அந்த வெட்டுக்குள் என்ன நடந்ததோ அதுதான் படம். காற்றில் முடி, குதித்த கால், எல்லாம் நின்றுவிட்டது. ஷட்டரை 1/15க்கு இறக்கி ஃபிளாஷையும் போட்டால் பின்னணி விளக்குகள் இழுத்துக்கொண்டு ஓட, முகம் மட்டும் கூர்மையாக நிற்கிறது. இதற்காக அந்தக் கேமரா இழுப்பறைக்குத் திரும்பப் போகாது. மற்றதற்கெல்லாம் என் கருத்து அப்படியே.

சாளரம்

சக்கரம் என்னுடையதிலும் அப்படித்தான். அதை எக்ஸ்போஷர் திருத்தத்திலிருந்து விடுவித்து, படம் பார்க்கும்போது மட்டும் பயன்படும்படி வைத்துவிட்டேன், தொல்லை விட்டது. வெயிலில் திரை தெரியாதது பற்றி மறுப்புச் சொல்ல ஒன்றுமில்லை. நான் எக்ஸ்போஷரை மூன்றில் ஒரு பங்கு அல்லது மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் குறைத்தே வைக்கிறேன். வானம் வெளுப்பதற்கு இதுதான் என் வைத்தியம். நிழலை ராவில் தூக்கலாம், வெளுத்துப் போனதை யாராலும் தூக்க முடியாது.

மழைக்குருவி

கருவிழி, அந்த மெதுவான ஷட்டர் ஃபிளாஷ் படங்களில் முகத்துக்கு முன்னால் இழுப்பு விழுகிறதா, பின்னால் விழுகிறதா? முன்னால் விழுந்தால் ஆள் பின்னோக்கி ஓடுவதுபோல் இருக்குமே.

கருவிழி

முதலில் முன்னால்தான் விழுந்தது. மெனுவில் ஃபிளாஷ் நேரத்தை இரண்டாம் திரைக்கு மாற்றியதும் சரியானது. படம் முடியும் தறுவாயில் வெட்டும், அதனால் இழுப்பு ஆளுக்குப் பின்னால் போய்விடும். லென்ஸ் ஷட்டரில் திரையே கிடையாது, ஆனாலும் மெனு பழைய பெயரையே வைத்திருக்கிறது.

வெயிலான்

மாமாவின் கேமராவில் ரா இருக்கிறது! கார்டு 16 ஜிபி போட்டேன், படித்துவிட்டது. பேட்டரி உப்பவில்லை. ஆனால் லென்ஸ் வெளியே வரும்போது லேசாகக் கரகர என்கிறது. படத்தில் எப்போதும் ஒரே இடத்தில், வலது மேல் மூலையில், சாம்பல் புள்ளி ஒன்று. துடைத்தும் போகவில்லை.

பழையலென்ஸ்

புள்ளி உள்ளே, சென்சார் மேல் இருக்கிறது தம்பி. லென்ஸ் நீண்டு சுருங்கும் ஒவ்வொரு முறையும் காற்றை உள்ளே இழுக்கிறது, அதோடு தூசியும் போகும். கழற்ற முடியாத லென்ஸ் என்பதால் ஊதித் துடைக்க வழியில்லை. வெள்ளைச் சுவரை எஃப் 8லும் எஃப் 2லும் எடுத்துப் பாருங்கள். எஃப் 2ல் காணாமல் போனால் கவலைப்பட வேண்டாம், திறந்தே வைத்துப் பழகுங்கள். இரண்டிலும் தெரிந்தால் மென்பொருளில் அழித்துக்கொள்ளலாம். பிரித்துத் துடைக்கிறேன் என்று யாராவது சொன்னால் யோசித்துக் கொடுங்கள். ஃபிளாஷுக்கான மின்தேக்கி உள்ளேதான் இருக்கிறது, பேட்டரியை எடுத்த பிறகும் நல்ல அதிர்ச்சி கொடுக்கும். நீங்களாகத் திறக்கவே கூடாது.

கரகர சத்தம் மணல். பையில் வெறுமனே போடாதீர்கள், சின்ன உறை ஒன்றில் வையுங்கள். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து, நீண்டிருக்கும்போது அடுக்குகளின் ஓரத்தை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். எண்ணெய் எதுவும் விட வேண்டாம்.

வெயிலான்

நன்றி ஐயா. எஃப் 2ல் புள்ளி தெரியவில்லை! சாளரம் அண்ணா, அந்த 2.8 மீட்டர் ஃபோகஸை எப்படி நிறுத்துவது? என்னுடையதில் தூர அளவுகோலில் 1 மீட்டருக்குப் பிறகு 3 மீட்டர், அப்புறம் முடிவிலி, அவ்வளவுதான் இருக்கிறது.

சாளரம்

திரையில் வரும் அளவுகோலை நம்பி மில்லிமீட்டர் பார்க்க வேண்டாம் தம்பி. மூன்று மீட்டர் தள்ளி ஏதாவது ஒன்றை, ஒரு கதவையோ கம்பத்தையோ, தானியங்கி ஃபோகஸில் பிடி. பாதி அழுத்திய நிலையிலேயே மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றினால் பல மாடல்களில் அந்த இடத்திலேயே நின்றுவிடும். லென்ஸை 28ல் வை, அப்பர்ச்சரை எஃப் 2.8க்குக் கொண்டுவா. இப்போது ஏறக்குறைய 1.2 மீட்டரைத் தாண்டிய எல்லாம் தெளிவு, பாதி அழுத்தக்கூடத் தேவையில்லை, நேராக அழுத்தலாம்.

மோட் டயலில் 'சி' என்ற எழுத்து இருந்தால் இந்த அமைப்பை அதில் சேமித்துவிடு. மேனுவல் ஃபோகஸ் தூரத்தையும் சேர்த்து நினைவில் வைக்கிறதா என்று ஒரு முறை அணைத்து எரியவிட்டுச் சோதித்துப் பார், எல்லாக் கேமராவும் வைப்பதில்லை. ஜூமைத் தொட்டால் ஃபோகஸ் நகர்ந்துவிடும் என்பதால் வளையத்தில் ஜூமை வைக்காதே, ஐஎஸ்ஓவை வை. மூலையில் புள்ளி இருக்கிறது என்றாயே, எஃப் 2.8லும் அது தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தால் சொல், எஃப் 2க்கே போய்விடலாம். ஒன்றரை மீட்டருக்கு உள்ளே வருபவர்களை மட்டும் அப்போது கவனித்துக்கொள்.